அனாத்தோத்து நிலமும் நாபோத்தின் தோட்டமும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சில வாரங்களுக்கு முன் மாலைத் திருப்பலி முடிந்ததும் சிறு தேயிலை விவசாயி ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். "சாமி, நம்ம தோட்டத்துல மரம் வச்சா கார்பன் பணம் வருமாம். முப்பது வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. போடலாமா?" என்றார். காகிதம் முழுவதும் ஆங்கிலம். நானும் வாசித்தேன், பாதிதான் புரிந்தது. அன்று அவருக்குத் தடுமாறிச் சொன்ன பதிலை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மரமும் மண்ணும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வைத்துக்கொள்கின்றன. அப்படிச் சேரும் ஒரு டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட் என்பது கணக்கு. புகை விடும் நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறது. வளரும் நாடுகளில் இயற்கையைக் காக்க அரசுப் பணம் மட்டும் போதாது, தனியார் முதலீடும் வேண்டும் என்று உலக மாநாடுகளில் பேசுகிறார்கள். தேவை உண்மையானது. 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மலையைக் காக்கப் பணம் வருகிறதென்றால் அதை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

விவிலியத்தில் இரண்டு நில பேரங்கள் உண்டு. முதலாவது எரேமியா 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. இறைவாக்கினர் காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அனாத்தோத்திலுள்ள நிலத்தை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். உடனே லாபம் தராத முதலீடு அது. இந்த நாட்டில் மீண்டும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்ற நம்பிக்கையில் போட்ட பணம். ஆனால் பாருங்கள், வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைக்கிறார், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, எவரும் வாசிக்கும்படி திறந்த பத்திரம் ஒன்று என இரண்டு எழுதி மண்பாண்டத்தில் பாதுகாக்கச் சொல்கிறார்.

இப்படி ஒரு நல்ல முதலீட்டை நம் கூடலூர்ப் பக்கமே பார்க்கலாம். வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காக வந்த உண்ணிச்செடி இன்று காட்டை மூடி, யானைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் செய்கிறது. பழங்குடி மக்கள் அதை வெட்டி, குச்சிகளை வேகவைத்து வளைத்து, ஆள் பார்த்து மலைக்கும் அளவில் யானைகள் செய்கிறார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் அமெரிக்காவிலும் நின்றன. வாங்கியவர்களின் பணம் கூலியாகவும் வனவிலங்குப் பாதுகாப்பாகவும் மாறியது. களை போனது, கை நிறைந்தது, நிலம் எவரிடமிருந்தும் பறிபோகவில்லை.

இரண்டாவது பேரம் நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ஆகாபு அரசனும் முதலில் நல்ல விலைதான் பேசினான். மூதாதையர் சொத்தைத் தரமாட்டேன் என்று நாபோத்து சொன்னதும் அரச முத்திரையிட்ட கடிதம் போனது. அங்கும் சாட்சிகள் இருந்தார்கள், பொய்ச் சாட்சிகள். நாபோத்து கல்லால் எறியப்பட்டு இறந்தான்.

நம் மலைக்கும் அப்படி ஒரு கதை உண்டு. சீகையும் கற்பூர மரமும் 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தவை. பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டு ஆலையின் மரக்கூழுக்கும் என்று புல்வெளிகளில் அவற்றைப் பெருவாரியாக நட்டார்கள். "வெறும் புல்தானே" என்றார்கள். அந்தப் புல்தான் தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல். அந்த மண்தான் மழைநீரையும் கார்பனையும் பிடித்துவைத்த களஞ்சியம். இன்று அதே மரங்களை அகற்றப் பணம் தேட வேண்டியிருக்கிறது. கணக்கில் லாபம் காட்டிய பேரத்தின் நட்டத்தை மலை சுமக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், கார்பன் கிரெடிட் வியாபாரம் புதிய சூதாட்டமாகி, புகை விடுவோர் தொடர்ந்து விடுவதற்குச் சாக்காகிவிடலாம் என்று எச்சரித்தார். வேண்டவே வேண்டாம் என்று ஒதுங்குவதும், காசைக் கண்டதும் கையெழுத்திடுவதும் இரண்டும் சரியல்ல.

ஆகவே அந்தச் சகோதரருக்கு என் பதில் இது: பத்திரத்தைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். முப்பது ஆண்டு முடியும்போது நிலம் யார் கையில் இருக்கும், நடுவில் மரம் பட்டுப்போனால் யார் ஈடுகட்டுவது, வரும் பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். என்ன மரம், இந்த மண்ணுக்கு உரியதா என்றும் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அக்கம்பக்கத்தாரையும் விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் கையெழுத்து வேண்டாம். சாட்சிகள் முன் திறந்து வைக்க முடியாத பத்திரம் அனாத்தோத்துப் பத்திரம் அல்ல.

செபிப்போம்: ஆண்டவரே, இந்த மலையை எங்களுக்கு வாடகையின்றித் தந்தீர். எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளும் இங்கே நிலம் வாங்கி, வீடு கட்டி, உம்மைப் புகழும்படி இதைக் காக்கும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.