அறியாமையல்ல, அலைச்சல்!

நடுவர் அவர்களே, ஆலந்தலைப் பெரியோர்களே, தாய்மார்களே!

கிராமத்துப் பெண்கள் நோயை முற்ற விடுவதற்குக் காரணம் அறியாமையா, அலைச்சலா? இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி, “நம்ம பொம்பளைங்களுக்கு விவரம் பத்தாது, வெட்கப்படுவாங்க, கூப்பிட்டாலும் வரமாட்டாங்க”ன்னு அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். தம்பி, நீங்க கூப்பிட்டுப் பார்த்தீங்களா? கூப்பிட்டுப் பார்த்தவங்க கணக்கு எங்கிட்ட இருக்கு!

திண்டுக்கல் மாவட்டம், அம்பிளிக்கை. 2000-இல் தொடங்கிக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக ஓர் ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்கள் 49,311 பேருக்கு அழைப்பு. பயிற்சி பெற்ற செவிலியர் கிராமத்துக்கே போனார்கள். பெரிய கருவி இல்லை. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி, சற்றுப் பொறுத்துப் பார்த்தால், கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். வந்தவர்கள் எத்தனை பேர்? 31,343 பேர்! நூற்றுக்கு 63! தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் தர ஏற்பாடு. 2007-இல் முடிவு வந்தது: அழைப்புப் போகாத ஊர்களைவிட, போன ஊர்களில் இந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைவு. வைத்தியம் வாசலுக்கு வந்ததும் வெட்கம் வழிவிட்டது, ஐயா!

இப்போ, மேடைகளில் யாரும் பேசாத ஒரு சகோதரிக்காகப் பேசுறேன். எச்.ஐ.வி.யோடு வாழ்கிற பெண். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் இந்தத் தொற்றைக் கண்டறிந்தபோது மருந்தே கிடையாது. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. அவள் பிழைத்துவிட்டாள், பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியை மற்றவர் உடம்பு பெரும்பாலும் தானே விரட்டிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அது தங்கிவிடும். ஆபத்து ஆறு மடங்கு! அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல், மற்றவர்களுக்கு 30 வயது என்றால் இவர்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்றது.

நாள் தவறாமல் மாத்திரை விழுங்குகிறவளா விவரம் தெரியாதவள்? அவள் கஷ்டம் வேறே. மாத்திரைக்காகத் தூத்துக்குடிக்கு 40 கிலோமீட்டர். அன்றைக்கு மீன் கூடை காலி, கூலி காலி. பஸ்ஸில் ஒருத்தி கேட்பாள்: “என்ன மைனி, அடிக்கடி தூத்துக்குடி?” “சும்மா, துணி எடுக்க.” பரிசோதனைக்கு இன்னொரு நாள், இன்னொரு வரிசை என்றால், இன்னும் எத்தனை துணிதான் எடுப்பாள், நடுவர் அவர்களே?

மாத்திரை தருகிற அன்றைக்கே, அதே இடத்தில் பரிசோதனையும் நடக்கட்டும். கூச்சமா? தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்தாச்சு. அவள் இரகசியத்தைக் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கு.

முத்துக் குளிக்க இறங்குகிறவன், கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். ஏன்? தங்கச்சி தாலி அதில் தொங்குதே! இந்தச் சகோதரி ஆழத்தில் நிற்கிறாள். அவள் கயிற்றை அசைத்துவிட்டாள். மேலே இருக்கிறவன், “அடுத்த வாரம் வேறே படகுக்கு வா”ன்னு சொல்லலாமா?

பெண்களைத் தோற்கடிப்பது அலைச்சலே, அலைச்சலே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.