நீராடுவோர் உடைமாற்றும் அறை

கந்தளாய்க் குளத்திலோ, கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலோ நீராடச் செல்வோர்க்கு முதலில் எழும் வினா, உடையை எங்கே வைப்பது, எங்கே மாற்றுவது என்பதே. இவ்வினாவுக்குப் பண்டை நாகரிகங்கள் கண்ட விடைகள் நேயர்கள் அறியத் தக்கவை.

கிரேக்கர் தம் உடற்பயிற்சிக் கூடங்களில் ஆடை களைவதற்கெனத் தனியறை அமைத்தனர். அது உரையாடலுக்கும் உரிய இடமாயிற்று. பிளேற்றோ எழுதிய 'யூதிடேமசு' என்னும் நூலில் சோக்கிரதர் அமர்ந்திருப்பது, ஏதென்சு நகரத்து லைசியத்தின் அத்தகைய அறையிலேதான்.

உரோமர் அவ்வறையைத் தம் நீராட்டு மண்டபங்களில் விரிவாக அமைத்தனர். கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலை கக்கிய சாம்பலிற் புதைந்த பொம்பேயி நகரில், சுவரோரம் இருக்கைகளும் அவற்றின்மேல் உடை வைக்கும் மாடங்களும் இன்றும் காணப்படுகின்றன. அங்குள்ள ஸ்டேபியன் நீராட்டு மண்டபத்திற் பெண்களுக்கு வேறு அறையும் இருந்தது. எனினும் களவு ஒழிந்தபாடில்லை. செல்வர் தம் அடிமைகளைக் காவல் வைத்தனர். பிறர் காவலாளுக்குக் காசு கொடுத்தனர். உரோமச் சட்டத் தொகுப்பில் நீராட்டு மண்டபத் திருடரைப் பற்றித் தனித் தலைப்பே உண்டு. இங்கிலாந்திலுள்ள பாத் நகரத்து வெந்நீரூற்றில் ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் கிடைத்துள்ளன. களவுபோன ஆடைக்காகத் தேவியிடம் முறையிட்டுத் திருடனைச் சபித்தோரின் சொற்கள் அவற்றுட் சிலவற்றிற் காணப்படுகின்றன.

நம் பக்கத்திலும் இக்கவலை இருந்தது. வெந்நீர் அறையில் துவராடை மண்ணிற் படாதவாறு மூங்கிற் கழியும் கயிறும் கட்டிக்கொள்ளப் பௌத்த விநயம் இடமளிக்கின்றது. பொலன்னறுவையில், 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அமைத்த குமார பொக்குணையின் அருகேயுள்ள கட்டடச் சிதைவு, உடைமாற்றும் மண்டபம் எனக் கருதப்படுகின்றது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. உரோமர் ஆடை களைந்த பின்னரே நீராடினர். நம்மவரோ பெரும்பாலும் ஆடையுடனேயே நீராடுவர். ஆதலின் அவர்க்கு அறை வேண்டியது நீராடுமுன். நம்மவர்க்கு அது வேண்டுவது நீராடிய பின். ஈரச் சேலையுடன் கரையேறும் பெண், பலர் பார்வையில் நின்று உடை மாற்ற நேரின், அந்நீராட்டு அவளுக்கு இன்பமாகாது.

கன்னியாவின் ஏழு கிணறுகளையும் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். முன்னோர்க்குக் கடனாற்ற வருவோர் இன்றும் அங்கு நீராடுகின்றனர். அத்தகைய இடங்களில் நான்கு சுவரும், தாழிடும் கதவும், உடை தொங்கவிட ஒரு கொடியும் பெருஞ்செலவாகா. குளம் தொட்டோரைப் போற்றும் ஊர், அதன் கரையில் இவ்வறையைக் கட்டுவோரையும் நன்றியுடன் நினைக்கும்.