தாயின் உழைப்புக்கும் கூலி உண்டு

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கோர்வைச் சேலை நெய்கிற உங்களுக்குத் தறியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு நாடா. நெய்பவர் ஒருவர், கரை நாடாவைப் போட இன்னொருவர். அந்த இரண்டாவது கை பெரும்பாலும் யாருடையது? வீட்டுப் பெண்ணுடையது. தார் சுற்றுவதும் அவளே. ஆனால் சேலைக்குத் தரும் கூலிக் கணக்கில் அவள் பெயர் கிடையாது.

அந்த வீட்டில் மூளை முடக்குவாதத்தோடு ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்து நிற்காது, தானாக உட்காராது. ஒரு வேளைக் கஞ்சி ஊட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். தாய் தறியை விட்டு எழுந்துவிடுகிறாள். சேலை இறங்குவது தாமதமாகிறது; கூலி குறைகிறது; மருந்துச் செலவும் பஸ் செலவும் ஏறுகின்றன. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வளர்கிறது. ஊர் என்ன சொல்கிறது? "பூர்வஜன்ம பாவம்" என்கிறது. பாவமுமில்லை, விதியுமில்லை, தோழர்களே! இரண்டு பேர் உழைப்பில் ஓடிய குடும்பம் ஒருவர் உழைப்பில் தள்ளாடுகிறது, விஷயம் அதுதான்.

சர்க்கார் என்ன தருகிறது? மத்திய சர்க்காரின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் பென்ஷன் 2012ல் மாதம் 300 ரூபாயானது. அதுவும் 80 சதவிகித ஊனம் இருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குழந்தைக்குப் பசி 18 வயதிலா தொடங்குகிறது?

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை குழந்தைகளுக்கும் உண்டு. 2023 ஜனவரியில் அது 1,500லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் பக்கத்து ஆந்திரத்தைப் பாருங்கள்! 2024ல் மாற்றுத்திறனாளி பென்ஷனை 6,000 ஆகவும், படுத்த படுக்கையானோருக்கு 15,000 ஆகவும் உயர்த்தினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24வது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டம் வேண்டுமென்கிறது. அப்படியானால் பராமரிப்பும் உழைப்பே என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. உழைப்பு என்றால் கூலி வேண்டாமா?

நமது கோரிக்கைகள் மூன்று. மத்திய பென்ஷனில் 18 வயது வரம்பை எடு. 300 ரூபாயை உயர்த்து! மாநில உதவித்தொகையை ஆந்திர அளவுக்குக் கொண்டு வா! பராமரிப்பாளர் படியைத் தாய் இழந்த கூலிக்கு ஈடாக, தகுதியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கொடு!

கோரிக்கையைச் சொல்லிவிட்டுக் கலைந்து போவது நமது வழக்கமல்ல. தெருத் தெருவாகப் போவோம். வெட்கத்தினால் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கும் குழந்தைகளின் பட்டியலை எடுப்போம். சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்கு அவற்றை வாங்கிக் கொடுப்போம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், தாய்மார்கள் முன்னே நடக்க, மனுக்களோடு கலெக்டர் அலுவலகம் செல்வோம்.

தனியாக அழுத தாய் இனித் தனியாக இல்லை என்பதை முதலில் அவளுக்குச் சொல்வோம். பிறகு சர்க்காருக்கும் சொல்வோம்!