தேயிலை மண்ணில் லாவெண்டர்



சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் கேமரன் மலை ஏறுகிறவர்கள் முதலில் காணும் ஊர் கம்போங் ராஜா. அதைத் தாண்டிப் பிரிஞ்சாங் நோக்கிப் போனால் திரிங்காப்பில் லாவெண்டர் தோட்டம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அங்கே படம் பிடித்துக்கொள்ளும் குடும்பங்கள், திரும்பும்போது ஒரு பூச்சாடியையும் காரில் ஏற்றிக்கொள்கின்றன. வீட்டுக்குக் கொண்டு போன சில மாதங்களில் செடி கருகிவிட்டது என்ற புலம்பல் கேட்காத இடமில்லை.

ஈப்போவிலும் கிள்ளானிலும் வெயிலின் மேல் பழி போடலாம். குளிர்ந்த கம்போங் ராஜாவிலேயே, வீட்டு வாசலில் நட்ட செடி சாகிறதே, அது ஏன்?

தேயிலைக்கு எது பிடிக்குமோ, அது லாவெண்டருக்குப் பிடிக்காது. தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். அமில கார அளவு 4.5 முதல் 5.5 வரை. லாவெண்டருக்கு 6.5 முதல் 7.5 வரை தேவை. கேமரன் மலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லாவெண்டருக்குப் பேர்போன பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் அதில் பாதிகூட இருக்காது. கோடையில் காய்ந்து கிடக்கும் கல் நிலத்துச் செடி அது. குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது.

ஆகவே தரையில் நடாமல் சாடியில் வைப்பதே நல்லது. வாங்கும் மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு பெருமணல் அல்லது சிறு கல் கலந்து, ஒரு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்பும் சேர்க்கலாம். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். மழை மட்டும் படக்கூடாது. மலையில் காய்கறிக்கும் பூவுக்கும் போடும் பிளாஸ்டிக் கூரை இதற்கும் பொருந்தும். பக்கங்கள் திறந்திருந்து காற்று ஓடினால் போதும்.

செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுவது நம் பழக்கம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. வேர் அழுகினாலும் செடி தாகத்தில் வாடுவது போலவே தலை சாய்க்கும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம். கோழி எருவையும் தள்ளியே வையுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் மண்டும், பூ வராது.

கவாத்து என்றால் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தேயிலைக் கவாத்து வேறு. தேயிலையை மொட்டையாக வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். லாவெண்டரைக் காய்ந்த பழைய கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. பூ முடிந்ததும், பச்சை இலை இருக்கும் பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நறுக்குங்கள். நறுக்கியதில் பூக்காத தண்டுகளைப் பொறுக்கி, விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை உருவி மணலில் ஊன்றினால் வேர்விடும். மறு சாடிக்குக் காசு மிச்சம்!

வகையும் முக்கியம். ஆங்கில லாவெண்டர் நன்றாகப் பூக்கக் கடுங்குளிர் காலம் ஒன்று வேண்டும். ஜம்முவின் பதர்வா மலையில் மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் இன்று லாவெண்டரில் பணம் பார்க்கிறார்கள் என்றால், அங்கே பனி விழுவதும் ஒரு காரணம். இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் பிரெஞ்சு வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் மலைக்கு அதுவே ஏற்றது.

கடைசியாக, கொசு விஷயம். லாவெண்டர் வைத்தால் கொசு வராது என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வாசனை எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினால்தான் வெளியே வரும். செடி சும்மா நிற்பதால் ஏடிஸ் கொசு ஓடிவிடாது. அதைவிட வேடிக்கை, சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரிலேயே அது முட்டையிடும். அதே நீர்தான் வேரையும் அழுக வைக்கிறது. தட்டை எடுத்துவிட்டு, சாடியை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தட்டு வேண்டும் என்கிறவர்கள் வாரம் ஒரு முறை நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது.