கல்லாக வேஷம் கட்டிய மரம்



மாஸ்கோ நகரின் கிழக்குப் பக்கம் குஸ்கோவோ என்று ஓர் இடம். ஷெரெமெத்தெவ் என்ற பெரும் பிரபுக் குடும்பத்தார் கோடையைக் கழித்த மாளிகை அங்கே இருக்கிறது. கோமான் பியோத்தர் ஷெரெமெத்தெவ் 1769 முதல் 1775 வரை கட்டியது. குளக்கரையிலிருந்து பார்த்தால் வெளிர் ரோஜா நிறச் சுவர், வெள்ளைத் தூண்கள், குதிரை வண்டி நேரே வாசற்படி வரை ஏறிவரச் சரிவுப் பாதை, அதன் ஓரங்களில் ஸ்பிங்க்ஸ் சிலைகள். கல் மாளிகை என்று சத்தியம் பண்ணலாம். அடித்தளத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் மரம்.

அந்தக் காலத்து ரஷ்யப் பிரபுக்களுக்குப் பிரெஞ்சு அரண்மனைகள் மேல் தீராத மோகம். ஊரில் தாராளமாகக் கிடைத்ததோ மரம்; தலைமுறை தலைமுறையாகக் கோடரி பிடித்த தச்சர்களும் இருந்தார்கள். ஆசை அங்கிருந்து வந்தது, பொருள் இங்கிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் இந்த வேஷம்.

உள்ளேயும் அது தொடர்கிறது. நடன மண்டபத்தில் தங்க முலாம் மின்னும் பூவேலையைச் சுதை என்று நினைப்போம். காகிதக் கூழில் வார்த்ததும் அதில் உண்டு. மரச் சுவர் எவ்வளவு பாரம்தான் தாங்கும்? ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். எதிர்ச் சுவரில் அவற்றுக்கு நேராகக் கண்ணாடிகள். ஆகவே வெளியே இருக்கும் தோட்டம் உள்ளே இன்னொரு முறை விரிகிறது. சாமர்த்தியமான வேலைதான். ஆனாலும் என் ஓட்டு தரைக்கு. வெவ்வேறு நிற மரத்துண்டுகளை நகக்கண் இடைவெளி இல்லாமல் இழைத்துக் கோலம் போல் பதித்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் மரம் மரமாகவே தலைகாட்டுவது காலடியில்தான்.

தோட்டம் பிரெஞ்சு முறை. மாளிகையின் நடுவிலிருந்து நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. இரு பக்கமும் கத்தரித்த செடிவேலி, பளிங்குச் சிலைகள். கோட்டின் கடைசியில் கண்ணாடிச் சுவர்களோடு ஒரு செடிமனை. ஆரஞ்சும் எலுமிச்சையும் மாஸ்கோ பனியில் பிழைக்குமா? குளிர் முடிய அங்கே ஒளித்து வைத்துக் கோடையில் தொட்டியோடு வெளியே கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தில் சிலைகளுக்கும் மரப்பெட்டி மாட்டிவிடுகிறார்கள். சிப்பிகளும் கிளிஞ்சல்களும் சுவரெல்லாம் ஒட்டிய செயற்கைக் குகை ஒன்றும் உண்டு. எல்லோரும் வாய் பிளக்கும் இடம் அது. எனக்குக் கொஞ்சம் திகட்டியது.

எட்டுப் பாதைகள் கூடும் இடத்தில் ஹெர்மிடேஜ் என்ற சிறிய மாடிக் கட்டடம். மேலே விருந்து நடக்கும். சாப்பாடு பரிமாறிய மேசையே கீழ்த்தளத்திலிருந்து இயந்திரத்தில் ஏறி வரும்படி அமைத்தார்கள். வேலைக்காரர்கள் கண்ணில் படக் கூடாதாம்! மரத்தை மறைத்த அதே புத்தி ஆளையும் மறைத்தது.

இத்தனையையும் செய்த கைகளில் பல பண்ணையடிமைகளின் கைகள். குகைக்கும் கல்லால் கட்டிய அந்தப் பெரிய செடிமனைக்கும் திட்டம் வரைந்த ஃபியோதர் அர்குனோவ், ஷெரெமெத்தெவின் பண்ணையடிமை. இங்கே வளர்ந்த நாடகக் குழுவின் பெரிய பாடகி பிரஸ்கோவியா ஒரு கொல்லர் மகள், அவளும் அடிமையாகப் பிறந்தவள். பியோத்தரின் மகன் நிகலாய் 1801இல் அவளை ரகசியமாக மணந்துகொண்டார். இவான் அர்குனோவ் 1767இல் தீட்டிய ஓர் ஓவியமும் இங்கே இருக்கிறது. கல்மிக் இனத்துச் சிறுமி ஒருத்தி எஜமானியின் அச்சுப் படத்தைக் கையில் ஏந்தி நிற்கிறாள். சீமாட்டி கறுப்பு வெள்ளையில் சின்னதாக. சிறுமி முழு வண்ணத்தில், நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி. வரைந்தவரும் அடிமை. தங்க மண்டபத்தில் பத்து நிமிடம் குறைத்துக்கொண்டு இந்தப் படத்தின் முன்னால் நில்லுங்கள்.

1917 புரட்சிக்குப் பிறகு மாளிகை அரசுடைமை ஆனது, இப்போது அருங்காட்சியகம். போகிறவர்கள் கோடையில் போங்கள், அதுவும் வானிலை பார்த்துப் போங்கள். காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஊதும் என்று மாளிகைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அன்றைக்குத் தோட்டம் மட்டும்தான்.