முறுமுறுப்பும் முறையீடும்



துன்ப வேளையில் எவ்வாறு ஜெபிப்பது என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள். குறை கூறுவது பாவம் என்றே நமக்குப் போதிக்கப்பட்டது. ஆகையால் வெளியில் அவமதிப்புற்று ஆலயத்துள் நுழையும் நாம், உதட்டில் ஸ்தோத்திரமும் உள்ளத்தில் கசப்புமாக முழங்காற்படியிடுகிறோம். இது ஜெபமாகுமா?

சங்கீதங்கள் 150. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமே. 13ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களிலேயே, இன்னும் எத்தனை காலம் என்னும் பொருள்பட நான்கு முறை ஆண்டவரை வினவுகிறது. 88ஆம் சங்கீதம் இருளைக் கூறியே முடிகிறது. ஆயினும் அதனை வேதம் ஜெபமென்றே காத்து வைத்துள்ளது.

நம் மக்கள் சிறப்பாகப் பயில வேண்டியது 44ஆம் சங்கீதம். அது ஒரு மக்களினத்தின் குரல். முன்னோர் பெற்ற நன்மைகளை முதலில் நினைவுகூர்கிறது. பின்னர், தாங்கள் அயலாரின் ஏளனத்திற்கு ஆளானதை ஆண்டவர் முன்னிலையிலேயே குற்றச்சாட்டாக வைக்கிறது. உடன்படிக்கையை மீறாதிருந்தும் இவ்வாறு நேர்ந்ததே என்று வாதாடுகிறது.

இவ்வாதம் நமக்கு மிகவும் தேவை. நம் தாழ்வு முன்வினைப் பயன் என்றனர் சிலர். பாவத்தின் சம்பளம் என்றனர் வேறு சிலர். 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அக்குழந்தைகள் செய்த பாவம் யாது? நம் குற்றத்தை அறிக்கையிட 51ஆம் சங்கீதம் உண்டு. பிறர் இழைத்த கொடுமையையும் நம் குற்றமாக ஏற்றுக்கொள்வது தாழ்மையன்று, பொய்.

அவ்வாறாயின் முறுமுறுப்புக்கும் முறையீட்டுக்கும் வேறுபாடு என்ன? வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்து ஆண்டவரைப் பற்றி முறுமுறுத்தனர். சங்கீதக்காரரோ தம் துயரை ஆண்டவரிடமே கொண்டு சென்றனர். விசுவாசம் அற்றவன் அவரிடம் வழக்குரைப்பானா?

இளைஞர்களே! இச்சங்கீதத்தை வீட்டில் உரக்க வாசியுங்கள். பின்பு நேர்ந்ததை நேர்ந்தவாறே, இடமும் நாளும் கூறி, ஆண்டவரிடம் சொல்லுங்கள். கோபம் இருப்பின் அதையும் மறைக்காதீர்கள். வேண்டுவதைத் தெளிவாகக் கேளுங்கள். அன்றே ஆறுதல் பிறக்காவிடினும், பிறந்ததாகப் பாவனை செய்யாதீர்கள், மறுநாளும் செல்லுங்கள்.

ஆண்டவர் முன் உண்மை பேசப் பழகியோர், அதிகாரியின் முன்னும் அஞ்சாது மனு அளிப்பர். எழுத்தறிவித்த நம் சங்கம் இந்தக் கல்வியையும் அளிக்குமாக.