ஞாயிற்றுக்கிழமையும் நம் குழந்தையும்

பெங்களூர் விவேக் நகர் என்றதும் வெளியூரார் பலருக்கு நினைவில் வருவது குழந்தை இயேசுவின் ஆலயம். வியாழக்கிழமைதோறும் சமய வேற்றுமை பாராமல் மக்கள் அங்கே திரளுகின்றனர். அவ்வாலயத்தைச் சுற்றியும், அடுத்துள்ள நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. 1809 இல் ஆங்கிலேயர் இவ்வூரில் படைவீடு அமைத்த நாள் தொட்டு வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் ஒருபுறம். கணினித் தொழிலை நாடி நேற்று வந்தவர்கள் மறுபுறம். இரு சாராருக்கும் பொதுவான கவலை ஒன்று இருக்கிறது. வாரநாட்களை அலுவலகமும் போக்குவரத்து நெரிசலும் விழுங்கிவிடுகின்றன. குழந்தை விழிக்குமுன் புறப்பட்டு, அது உறங்கிய பின் திரும்புகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளை நான்கு வயதுக் குழந்தையோடு எவ்வாறு கழிப்பது என்பதைப் பற்றி, நேயர்களே, இன்று சிறிது சிந்திப்போம்.

பொதுவாக நாம் செய்வது என்ன? ஆறு நாட் கடனை ஒரே நாளில் அடைத்துவிட முற்படுகிறோம். காலையில் லால்பாக், பகலில் காட்சிசாலை, மாலையில் அல்சூர் ஏரி, இடையிலே கடைத்தெரு என்று திட்டம் போடுகிறோம். உண்மையில் லால்பாக் ஒன்றுக்கே ஒரு நாள் போதாது. 1760 இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. 1889 இல் கால்கோள் இடப்பெற்ற கண்ணாடி மாளிகை அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய பாறையும் இருக்கிறது. அந்தப் பாறையில் ஏறி, சறுக்கி, மறுபடி ஏறுவதிலேயே குழந்தைக்கு ஒரு காலைப்பொழுது இன்பமாகக் கழிந்துவிடும். நாமோ கையைப் பற்றி இழுத்து, "நேரமாகிவிட்டது" என்று ஆட்டோவில் ஏற்றுகிறோம். மாலையில் குழந்தை அழுகிறது. இத்தனை காட்டியும் ஏன் இந்த அழுகை என்று நமக்குக் கோபமும் வருகிறது.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்வோம். இந்த ஞாயிறு கப்பன் பூங்கா. விவேக் நகரிலிருந்து டிரினிட்டி நிலையம் வரை ஆட்டோவில் சென்று, அங்கே மெட்ரோ ரயில் ஏறலாம். 2011 அக்டோபரில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய பாதை இது. மகாத்மா காந்தி சாலை நிலையம் வரை ரயில் வீதிக்கு மேலே, மரக்கிளைகளின் உயரத்தில் செல்கிறது. அதைத் தாண்டியதும் சரிந்து பூமிக்குள் புகுந்துவிடுகிறது. பெரியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. தலை கவிழ்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். குழந்தைக்கோ அது பெரிய அற்புதம். வெளிச்சம் எங்கே போயிற்று, மேலே இப்போது என்ன இருக்கிறது, வண்டி மண்ணை எப்படித் தோண்டியது என்று கேள்விகள் அடுக்கடுக்காக எழும். விடை சொல்ல நமக்கும் சற்று யோசனை தேவைப்படும்.

1870 இல் சாங்கி என்ற பொறியாளர் அமைத்த பூங்கா இது. 1927 இல் சாமராஜேந்திரர் பூங்கா என்று பெயர் சூட்டினார்கள். மக்கள் வாயில் நிலைத்திருப்பது பழைய பெயரே. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்சாலைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. பெங்களூரில் குழந்தையின் கையை அச்சமின்றி விடக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

கையை விட்டால் குழந்தை ஓடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது நின்றுவிடும். எறும்புச் சாரை ஒன்றைக் கண்டு குந்தி உட்காரும். மூங்கிற் புதரின் அடியில் உதிர்ந்த சருகைப் பொறுக்கும். இங்கே நாமும் நிற்க வேண்டும். ஏனெனில் வெளியூரில் வளரும் தமிழ்க் குழந்தையின் தமிழ் பெரும்பாலும் வீட்டுத் தமிழ்தான். சாப்பிடு, குளி, தூங்கு, தொடாதே என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டுத் தோழரோடு கன்னடம். மூங்கிலையும் சருகையும் தாழைமடலையும் எறும்புப் புற்றையும் தமிழில் யார் சொல்லித் தருவார்கள்? நாம் சொல்லாவிட்டால் அக்குழந்தைக்கு உலகத்தின் பாதிப் பொருள்களுக்குத் தாய்மொழியில் பெயரே இல்லாமற் போய்விடும். நூலில் படமாகக் கற்ற சொல் மறந்து போகலாம். கையில் சருகு இருக்கும்போது கேட்ட சொல் எளிதில் மறப்பதில்லை.

கன்னடத்தைப் பகையாகக் கொள்ள வேண்டியதில்லை. அணிலைக் கண்டதும் அருகிலுள்ள கன்னடக் குழந்தை "அளிலு" என்று கூவும். இரண்டு சொல்லும் உடன்பிறந்தவை என்று குழந்தை தானே கண்டுகொள்ளும். பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. தமிழில் பகரம் வருமிடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருவதை இலக்கணமாகச் சொல்லாமல் விளையாட்டாகச் சொன்னால், வழி நெடுக அதையே சோதித்துக்கொண்டு வரும். மூங்கிலுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது, அது பிதிரு.

பதினொன்றரை மணிக்குக் குழந்தைக்குப் பசி வந்துவிடும்; பெரியவர்களின் ஒரு மணிக்கு அது காத்திராது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், தயிர்சாதமும், தண்ணீரும், மாற்றுச் சட்டை ஒன்றும் பையில் இருத்தல் நலம். ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் உள்ள இவ்வூரின் வெயில் சுடாததுபோலச் சுடும். தொப்பியை மறக்க வேண்டாம்.

உண்டபின் தெம்பு இருந்தால், பூங்காவை ஒட்டிய கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரய்யா தொழில்நுட்பக் காட்சிசாலை இருக்கிறது. அப்பெரும் பொறியாளர் 1962 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டு ஜூலையில் நேரு இக்கட்டடத்தைத் திறந்துவைத்தார். எல்லா மாடியும் ஏற வேண்டாம். ரைட் சகோதரர் விமானத்தின் முழு அளவு மாதிரி ஒன்று போதும். 1903 டிசம்பர் 17 அன்று அது முதன்முதலாகப் பறந்தது 12 விநாடி. கடந்த தூரம் 120 அடி. இந்த எண்களைச் சொன்னால் குழந்தைக்கு விளங்காது. வெளியே வந்து, பூங்காப் பாதையில் 120 அடியைக் காலால் அளந்து, "ஓடு" என்று சொல்லி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை தமிழில் எண்ணுவோம். நல்ல கால் உள்ள குழந்தை ஏறக்குறைய அதே நேரத்தில் ஓடி முடித்துவிடும். இன்னொரு முறை என்று கேட்கும். நான்காம் முறை எண்ணுவதற்குள் நமக்குத்தான் அலுத்துப்போகும்.

மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும். ஏரியும் கடைத்தெருவும் அடுத்த வாரம் வரை அங்கேயே இருக்கும். ரயிலில் குழந்தை மடியில் சாய்ந்துவிட்டால், வண்டி பூமிக்குள்ளிருந்து வெளிச்சத்துக்கு ஏறுகிற இடத்தை மட்டும் எழுப்பிக் காட்டலாம்; அதற்கு மனம் வராவிட்டாலும் குற்றமில்லை.

இரவில் ஆம்பூரிலோ வேலூரிலோ உள்ள பாட்டியோடு தொலைபேசியில் பேசுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. வாரநாட்களில் "சாப்பிட்டியா கண்ணு?", "சாப்பிட்டேன்" என்ற அளவோடு அப்பேச்சு முடிந்துவிடும். இன்று குழந்தை ரயில் மண்ணுக்குள் போனதைச் சொல்லும். அணிலுக்கு இங்கே என்ன பெயர் என்று பாட்டிக்கே பாடம் நடத்தும். மூங்கிற் சருகு ஒன்று சட்டைப்பையிலிருந்து வெளியே வரும். விமானத்தைப் பற்றிப் பாட்டி கேட்கும்போது அது உறங்கிப்போயிருக்கும்.